கினியா எங்கே இருக்கிறது? ஒரு கோழி, ஒரு காசு, ஒரு புல்

செங்கம் பக்கத்தில் அத்தை வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் திரியும். நம் நாட்டுக்கோழி மாதிரி இருக்காது. சாம்பல் நிற உடம்பு முழுக்க நொய்யரிசியை இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். முகத்தில் இறகே கிடையாது, நீலம் பாய்ந்த வெறும் தோல்தான். உச்சந்தலையில் கொம்பு போல ஒரு முடிச்சு. புது ஆள் யாராவது வாசலை மிதித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும். பாம்பைப் பார்த்தாலும் அதே கத்தல்தான். அந்தக் கத்தலுக்காகவே அத்தை அவற்றை வளர்க்கிறார். அவர் வாயில் அது 'கிண்ணிக்கோழி'. "கிண்ணியக் கவுத்து வச்ச மாதிரி முதுகு இருக்குல்ல, அதான் அந்தப் பேரு" என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னார். நானும் வெகுநாள் அப்படியே நம்பியிருந்தேன்.

அதே கொல்லையின் ஓரத்தில் மாட்டுக்கென்று ஆள் உயரத்துக்கு ஒரு புல் வளர்ந்து நிற்கும். அது கினியாப் புல். பழைய ஆங்கிலக் கதைகளில் வைத்தியருக்கும் வக்கீலுக்கும் கூலியாகக் 'கினி' என்ற காசைக் கொடுப்பார்கள். கோழி, புல், காசு மூன்றும் ஒரே ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு வந்தவை என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

ஊர்ப் பெயர் பொருளின் பெயராவது நமக்குப் பழக்கமான விஷயம்தான். சேலம் மாம்பழம், காஞ்சிப் பட்டு, பத்தமடைப் பாய் என்று தினமும் சொல்கிறோம். இங்கே ஊரும் பொருளும் கைகோத்து நிற்கின்றன. இன்னும் ஒரு படி போனால் பொருளின் பெயர் உதிர்ந்து ஊர் மட்டும் மிஞ்சும். "பனாரஸ் கட்டிக்கிட்டு வந்தா" என்றால் புடவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் அடுத்த படியில், அது ஊர்ப் பெயர் என்பதே மறந்துபோகும். காப்பியில் போடும் சீனி, சீன தேசத்தின் பெயர். இன்றைய செக் நாட்டில் யோவாகிம்ஸ்தால் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெட்டிய வெள்ளியில் அடித்த காசு 'யோவாகிம்ஸ்தாலர்'. அது தாலர் என்று சுருங்கி, டாலர் ஆனது. நம் வீட்டுப் பெண்கள் செயினில் கோத்துப் போடும் டாலரும் அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான்.

கினியா இந்த மூன்று படிகளையும் தாண்டி, நான்காவதாக ஒன்றுக்கும் போனது. அதனால்தான் இதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் இடம். 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கின. செனகல் ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலம் முழுவதையும் அவர்கள் 'கினே' என்றார்கள். அது ஒரு நாட்டின் பெயரில்லை, நீண்ட கரையின் பெயர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழியில் கறுப்பு மக்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பது அதிகம் சொல்லப்படும் விளக்கம். பின்னாளில் அந்தக் கரையை ஐரோப்பியர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் பிடித்த பகுதி 1958-இல் விடுதலை பெற்று கினியா ஆனது. போர்த்துகீசியப் பகுதி கினி-பிசாவு, ஸ்பானியப் பகுதி எக்குவடோரியல் கினி. ஆக, ஒரே பெயரில் மூன்று நாடுகள்.

காசின் கதை 1663-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆட்சி. அதுவரை தங்கக் காசைச் சுத்தியலால் அடித்துத்தான் செய்வார்கள், ஓரம் ஒழுங்காக இருக்காது. அந்த ஓரத்தைச் சுரண்டித் தங்கத் துகள் சேர்ப்பது அன்று பெரிய தொழில். இந்தப் புதுக் காசை எந்திரத்தில் அச்சிட்டார்கள். 22 காரட் தங்கம், எடை சுமார் 8.4 கிராம். அரசுக் கணக்கில் அது வெறும் '20 ஷில்லிங் காசு'. கினி என்பது மக்கள் வைத்த பெயர்.

ஏன் அந்தப் பெயர்? காசைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் வாகை இலை சூடிய மன்னரின் தலை. கழுத்து முடிகிற இடத்துக்குக் கீழே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், ஒரு குட்டி யானை நிற்கும். சில வருடம் கழித்து வந்த காசுகளில் யானையின் முதுகில் கோட்டை ஒன்றும் ஏறிக்கொண்டது. எல்லாக் காசிலும் இந்த யானை இருக்காது. ஆப்பிரிக்க வணிகத்துக்காக அரச குடும்பத்தின் ஆதரவோடு நடந்த கம்பெனி மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்த தங்கத்தில் அடித்த காசுகளில்தான் இருக்கும். யானை அந்தக் கம்பெனியின் முத்திரை. கினியாக் கரைத் தங்கம் என்பதால் காசு கினி ஆனது. கொஞ்ச நாளில் யானை இல்லாத காசும், வேறு எங்கிருந்தோ வந்த தங்கத்தில் அடித்த காசும்கூடக் கினிதான் என்றாகிவிட்டது. ஒரு இடப்பெயர் தன் இடத்தை விட்டுக் கழன்று போவதை இந்தக் காசில் கண்ணாலேயே பார்க்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தக் கம்பெனி தங்கம் மட்டும் ஏற்றவில்லை. அதே கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலில் அடைத்துக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்றது. அன்றைய ஐரோப்பிய வரைபடங்களில் அந்தக் கரையின் துண்டுகளுக்கு இருந்த பெயர்களே சாட்சி: தானியக் கரை, தந்தக் கரை, தங்கக் கரை, அடிமைக் கரை. இடம் பொருளுக்குப் பெயர் கொடுத்தது ஒரு பக்கம் என்றால், இங்கே பொருள் இடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது, மனிதனையும் பொருளாகக் கணக்கில் சேர்த்து. தங்கக் கரை 1957-இல் விடுதலை பெற்று கானா ஆனது. கினிக் காசுக்குத் தங்கம் கொடுத்த மண் பெரும்பாலும் இந்தக் கானாதான், இன்று கினியா என்று அழைக்கப்படும் நாடு அல்ல.

20 ஷில்லிங்குக்கு அடித்த காசு அந்த மதிப்பில் நிற்கவில்லை. தங்கம் விலை ஏற ஏற, 1690-களில் 30 ஷில்லிங் வரை போனது. ஐசக் நியூட்டன் நாணயச் சாலையின் தலைவராக இருந்தபோது, 1717-இல், 21 ஷில்லிங் என்று நிலைநிறுத்தினார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், கினிக்கு 21. அந்த ஒரு ஷில்லிங் கூடுதலில் ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. தச்சருக்குப் பவுண்டு, வக்கீலுக்குக் கினி. நாம் மொய் எழுதும்போது நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 1814-இல் காசு அடிப்பது நின்றது. ஆனால் கட்டணத்தைக் கினியில் சொல்லும் வழக்கம் 1971 வரை நீடித்தது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் பந்தயக் குதிரை ஏலம் இன்றும் கினிக் கணக்கில்தான் நடக்கிறது. காசு போய் 200 வருடம் ஆகியும் பெயர் போகவில்லை.

கினியின் இடத்தில் 1817-இல் வந்த தங்கக் காசு எது தெரியுமா? சாவரின். எடை 8 கிராமுக்கு ஒரு நூலிழை குறைவு. நகைக்கடையில் "இன்னிக்கு சவரன் என்ன விலை?" என்று கேட்கிறோமே, அந்தச் சவரன்தான், அந்த 8 கிராம்தான். வடக்கே இந்திக்காரர்கள் தங்கக் காசைக் கின்னி என்பார்கள். வங்காளத்தில் 22 காரட் தங்கத்துக்குக் கினி சோனா என்று பெயர். அவர்கள் மூத்தவனின் பெயரை வைத்துக்கொண்டார்கள், நாம் இளையவனின் பெயரை எடுத்துக்கொண்டோம்.

சரி, கோழிக்கு வருவோம்.

கினிக்கோழி உண்மையிலேயே ஆப்பிரிக்கப் பறவை. போர்த்துகீசியர் கினியாக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தப் பெயரில் பிழை இல்லை. குழப்பம் இங்கிலாந்தில் தொடங்கியது. துருக்கிய வணிகர்கள் வழியாகவும் இதே கோழி அங்கே வந்து சேர்ந்ததால், சிலர் அதைத் 'துருக்கிக் கோழி' என்றார்கள். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து, அதாவது மெக்சிகோ பக்கமிருந்து, பெரிய கோழி ஒன்று வந்து இறங்கியது. அதையும் இதையும் ஒன்றாக நினைத்து ஒரே பெயரால் அழைத்தார்கள். பிறகு இரண்டும் வேறு என்று தெரிந்தபோது, ஆப்பிரிக்கக் கோழி கினியை எடுத்துக்கொண்டது. துருக்கியைக் கண்ணால் பார்த்திராத அமெரிக்கக் கோழி டர்க்கி ஆனது. நாம் வான்கோழி என்பது அதைத்தான்.

துருக்கியில் அந்தக் கோழிக்கு என்ன பெயர்? 'ஹிந்தி', அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. பிரெஞ்சிலும் அப்படியே, 'தேந்த்', இந்தியாவினுடையது. கொலம்பஸ் அமெரிக்காவை இந்தியா என்று நினைத்த பிழை இன்னும் ஐரோப்பியச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. போர்த்துகீசியர்கள் 'பெரு' என்கிறார்கள், தென் அமெரிக்க நாட்டின் பெயர். டச்சுக்காரர்கள் 'கால்கூன்' என்கிறார்கள், இது கள்ளிக்கோட்டைக் கோழி என்பதன் சுருக்கம். நம் பக்கத்துக் கோழிக்கோடுதான். மெக்சிகோவின் கோழிக்குக் கேரளத்துத் துறைமுகத்தின் பெயர்! இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. டச்சுக்காரர்கள் இலங்கையை ஆண்டபோது அந்தச் சொல்லை அங்கே விட்டுப்போனார்கள். சிங்களத்தில் வான்கோழிக்குக் 'களுகுமா' என்று பெயர். கோழிக்கோட்டின் பெயர் ஆம்ஸ்டர்டாம் வரை போய்விட்டு, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. யார் யாரிடமிருந்து வாங்கினார்கள், அல்லது வாங்கியதாக நினைத்தார்கள் என்பதை ஒரு பறவையின் பெயர்களை வைத்தே வரைபடம் போட்டுவிடலாம்.

கினிப் பன்றியின் பெயரில்தான் எல்லாமே தவறு. அது பன்றி இல்லை, கொறிக்கும் பிராணி. கினியாவும் இல்லை, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் பல ஆயிரம் வருடமாக இறைச்சிக்கு வளர்த்துவந்தது. அவர்கள் அதைக் 'குய்' என்கிறார்கள். அது கத்தும் சத்தமே அதுதான். பின்னே ஏன் கினி? ஒரு கினிக் காசுக்கு விற்றதால் என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு, தேதியைப் பார்ப்பது. காசு பிறந்தது 1663-இல். ஆங்கில நூலில் கினிப் பன்றி என்ற சொல் 1650-களிலேயே வந்துவிட்டது. பிறக்காத காசின் விலையை வைத்து யாரும் பெயரிட முடியாது, அந்த விளக்கம் அத்தோடு முடிந்தது. கினியாக் கரை வழியாகப் போன கப்பல்களில் வந்தது என்கிறார்கள் சிலர். தென் அமெரிக்காவின் கயானாவைக் கினியா என்று குழப்பிக்கொண்டார்கள் என்கிறார்கள் சிலர். இரண்டையும்விட எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது விளக்கம்: அன்றைய ஆங்கிலேயருக்குக் 'கினி' என்பது வரைபடத்தில் உள்ள இடமாகவே இல்லை, 'எங்கோ தூர தேசம்' என்றே பொருள்பட்டது.

நான் சொன்ன நான்காவது படி இதுதான். தமிழ் பேசுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம், நம்மிடம் 'சீமை' இருக்கிறது. சீமைக் கருவேலம் வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து. சீமை அகத்தியும் அங்கிருந்துதான். சீமை எண்ணெயை எந்தச் சீமையில் எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கடல் தாண்டி வந்ததா, சீமை. கினிப் பன்றிக்கே அகராதியில் சீமைப் பெருச்சாளி என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆங்கிலக்காரர்கள் கினி என்று எதற்குச் சொன்னார்களோ, அதற்கே நாம் சீமை என்றிருக்கிறோம். மொழிபெயர்ப்பு இதைவிடக் கச்சிதமாக அமையாது.

செடிகளில் இந்தப் பெயர் நிறைய. நம் சோளத்தை நைஜீரியாவில் கினித் தானியம் என்பார்கள். ஏலக்காய்க் குடும்பத்தில் காரமான விதை ஒன்று உண்டு, அது கினி மிளகு. தானியக் கரை என்று பெயர் வந்ததே அந்த விதையால்தான். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வருவதற்கு முன்பே போர்த்துகீசியர் அதை ஐரோப்பாவில் விற்றுவந்தார்கள். அத்தை வீட்டுக் கினியாப் புல்லும் ஆப்பிரிக்கப் புல்தான். கரீபியத் தீவுகளில் கால்நடைத் தீவனமாகப் பரவி, உலகம் சுற்றி நம் வரப்புக்கு வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதில் ரகங்களே வெளியிட்டிருக்கிறது. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலின் மரத்துக்குத் தாவரவியல் பெயர் எலேயிஸ் கினியென்சிஸ், 'கினியாவைச் சேர்ந்த' என்று அர்த்தம். 1848-இல் நான்கே நான்கு கன்றுகளை ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்டார்கள். தென்கிழக்கு ஆசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் பெரும்பகுதி அவற்றின் வாரிசு. பாக்கெட்டில் மலேசியா என்று எழுதியிருந்தாலும் மரம் தன் ஊரை மறக்கவில்லை.

நோய்க்கும் இந்தப் பெயர் உண்டு. தோலைப் பொத்துக்கொண்டு நூல் மாதிரி வெளியே வரும் நரம்புச் சிலந்திப் புழு, ஆங்கிலத்தில் கினிப் புழு. அதன் விலங்கியல் பெயரில் இருப்பதோ மெதினா நகரம். கினியாவுக்கோ மெதினாவுக்கோ மட்டும் உரியதல்ல அந்தப் புழு, நம் நாட்டுப் படிக்கிணறுகளிலும் இருந்தது. குடிநீரை வடிகட்டக் கற்றுக்கொடுத்தே அதை ஒழித்தார்கள். 1996-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்றிதழ் கொடுத்தது. நோய் போய்விட்டது. இரண்டு ஊர்கள்மேல் விழுந்த பழி மட்டும் பெயரில் இருக்கிறது.

ஆக ஒரு பெயரில் ஊர் இருந்தால், அந்தப் பொருள் அங்கே பிறந்தது என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் வைத்தவர் யார், அவர் கைக்கு அது யார் மூலமாக வந்தது, அந்தச் சொல் எந்த வருடத்தில் முதலில் எழுத்தில் வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பிறந்த ஊருக்குப் பதிலாக வந்த வழிதான் கிடைக்கும்.

ஊரே மறந்த பிறகு மொழி சும்மா இருப்பதில்லை, அந்த ஓசைக்குத் தன்னிடம் இருக்கும் பொருள் ஒன்றை எடுத்துப் போர்த்திவிடும். அத்தைக்குக் கினி, கிண்ணி ஆனது அப்படித்தான். சிங்களத்தில் கினியாப் புல்லைக் 'கினி தண' என்கிறார்கள். அங்கே கினி என்றால் நெருப்பு. கோடையில் அந்தப் புல் காய்ந்து பற்றிக்கொள்வதைப் பார்த்தவருக்கு அந்தப் பெயரின்மேல் சந்தேகமே வராது.

போன அறுவடைக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தார். "இதுகூட ஊர்ப் பேருதான் அத்தை. மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை ஆயி, மல்லாட்டை ஆயிடுச்சு" என்றேன். செடி தென் அமெரிக்காவுடையது, நமக்கு மணிலா வழியாக வந்தது என்றதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எங்க இருக்கு அது, காட்டு" என்றார். போனில் வரைபடத்தைத் திறந்து பிலிப்பைன்ஸைக் காட்டினேன். விரலை வைத்து நகர்த்தியதில் படம் தென்கிழக்கே ஓடி ஒரு பெரிய தீவில் நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தார்: பாப்புவா நியூ கினி.

"இங்கயும் கினியா?"

1545-இல் அந்தக் கரையைப் பார்த்த ஸ்பானியக் கப்பல் தலைவன் ஒருவன், அங்கிருந்த மக்கள் ஆப்பிரிக்கக் கினியாக் கரையின் மக்களைப் போல இருக்கிறார்கள் என்று நினைத்து, புதுக் கினியா என்று பெயர் வைத்தான் என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் அந்தத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆள் நிறத்தப் பாத்துப் பேரு வச்சிட்டுப் போயிட்டான். அந்த ஜனங்க அவங்க ஊர என்னான்னு கூப்புட்டாங்க?"

அந்த நாட்டில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன என்று சொன்னேன்.

"அப்ப அத்தன பேரு இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, செடியை உதறி அடுத்த பிடியை எடுத்தார்.